நிற்கும் விமானமும் செலவு வைக்கும்: பெருந்தொற்றும் பொருளாதார மந்தமும் சிறு விமான உரிமையாளர்களும்

கனடாவின் மார்க்கம் நகரில் வாழும் நம்மவர்களுக்கு பட்டன்வில் விமான நிலையம் நன்கு தெரிந்த இடம். 404 நெடுஞ்சாலையில் போகும்போது, தாழப் பறந்து இறங்கும் சின்ன விமானங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிய பெற்றோர் பலர். அந்த நிலையம் 2023 நவம்பர் 30ஆம் திகதியுடன் மூடப்பட்டது. அங்கே விமானம் நிறுத்தியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

சிறு விமானம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று எண்ணுவது தவறு. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பழைய நான்கு இருக்கை விமானம் ஒன்றை மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கி, முறை வைத்துப் பறப்பது வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் சாதாரணம். இதில் நமக்கும் அக்கறை உண்டு. விமானியாக விரும்பும் நம் பிள்ளைகள் முதலில் ஏறுவது இத்தகைய விமானங்களில்தான். கனடாவில் வர்த்தக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணிநேரப் பறத்தல் வேண்டும். சிறு விமானத்தின் விலையும் பராமரிப்புச் செலவும் ஏறினால், அது அந்தக் குடும்பத்தின் பயிற்சிக் கட்டணத்திலும் வந்து விழும்.

பறக்காவிட்டாலும் குறையாத செலவு

விமானச் செலவு இரு வகைப்படும். எரிபொருளும் எண்ணெயும் பறந்தால் மட்டும் வரும் செலவு. உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172 மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 35 லீற்றர் பெற்றோல் குடிக்கும். மற்றையது நிலையான செலவு: தரிப்பிட வாடகை, காப்புறுதி, ஆண்டுப் பரிசோதனை, கடன் இருந்தால் அதன் வட்டி. விமானம் ஆண்டு முழுவதும் நிலத்தில் நின்றாலும் இவை நிற்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, நிலையான செலவு ஆண்டுக்கு 12,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 100 மணிநேரம் பறந்தால் ஒரு மணிக்கு 120 டொலர். முடக்கத்தால் 30 மணிநேரம் மட்டுமே பறந்தால், அதே செலவு ஒரு மணிக்கு 400 டொலர் ஆகிவிடும். வேலை போனவர் முதலில் பறப்பதைக் குறைப்பார். ஆனால், குறைக்கக் குறைக்க ஒவ்வொரு மணிநேரமும் விலை கூடும். மந்தகாலம் உரிமையாளரை நெருக்குவது இவ்வாறுதான்.

நின்றால் துருப்பிடிக்கும்

அதைவிடக் கவலை தருவது எஞ்சின். செஸ்னா, பைப்பர் ரகங்கள் பலவற்றில் உள்ள லைகொமிங் எஞ்சின்களில் காம்ஷாஃப்ட் எனப்படும் தண்டு மேற்பகுதியில் இருக்கிறது. எஞ்சின் நின்றபின் எண்ணெய் கீழே வடிந்துவிடும். ஈரப்பதன் உலோகத்தில் படிந்து துருவை உண்டாக்கும். அதனால்தான், 30 நாட்களுக்கு ஒருமுறையாவது, எண்ணெய் நன்கு சூடேறிய நிலையில் தொடர்ந்து ஒரு மணிநேரம் பறக்க வேண்டும் என்று அந்நிறுவனம் அறிவுறுத்துகிறது. நிலத்தில் சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது பயன் தராது. எண்ணெய் போதிய அளவு சூடேறாமல் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இத்தகைய எஞ்சின்கள் பலவற்றை 2,000 மணிநேரத்துக்கு அல்லது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாகக் கழற்றிப் புதுப்பிக்கும்படி தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். மணிநேரம் ஓடாவிட்டாலும் ஆண்டுகள் ஓடும்.

இங்கிலாந்தில் 2020 மார்ச் இறுதியில் முதல் முடக்கம் வந்தபோது பொழுதுபோக்குப் பறத்தல் நின்றுபோனது. பின்னர் வந்த முடக்கத்தில், எஞ்சினைப் பேணுவதற்காக மட்டும் வரையறையுடன் பறக்க இடமளிக்கப்பட்டது.

விமானியும் துருப்பிடிப்பார். பயணிகளை ஏற்றுவதற்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முந்தைய 90 நாட்களில் மூன்று முறையும், கனடாவில் முந்தைய ஆறு மாதங்களில் ஐந்து முறையும் மேலேறி இறங்கியிருக்க வேண்டும். பெருந்தொற்றின்போது பல நாடுகள் உரிமங்களின் காலக்கெடுவைத் தற்காலிகமாக நீடித்தன. காகிதத்தில் கெடு நீண்டாலும், கைப்பழக்கம் விட்டுப்போனவர் பயிற்றுநரோடு ஏறித்தான் அதை மீட்க வேண்டும். அதுவும் ஒரு செலவு.

முந்தைய மந்தகாலங்கள்

அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1978இல் 17,811 சிறு விமானங்களை விற்றனர். 1994இல் அது 928ஆக வீழ்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்து மந்தமும் உயர்ந்த வட்டியும் ஒரு காரணம். விபத்து வழக்குகளுக்கான இழப்பீட்டுச் சுமை இன்னொன்று. செஸ்னா 1986இல் தன் சிறு பெற்றோல் விமானங்களின் உற்பத்தியை நிறுத்தியது. 18 ஆண்டுகளுக்கு மேற்பட்ட விமானங்களுக்காகத் தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1994இல் வந்தது. அதன் பின்னர், 1996இல் செஸ்னா மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று எழுபதுகளின் விமானங்கள் இவ்வளவு பறப்பதற்கு அந்த நீண்ட இடைவெளியும் ஒரு காரணம்.

2008 நிதி நெருக்கடியில் இதே கதை திரும்பியது. 2009இல் புதிய பெற்றோல் எஞ்சின் விமானங்களின் விற்பனை முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே சென்றது. பணமுடை வந்தவர்கள் விற்க முற்பட, வாங்க ஆளின்றிப் பழைய விமானங்களின் விலையும் இறங்கியது.

பெருந்தொற்று வழமையை மாற்றியது

2020இலும் அப்படியே நடக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. அந்த ஆண்டு வர்த்தக ஜெற் விமானங்களின் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபோதும், சிறு பெற்றோல் விமானங்களின் விற்பனை உலகளவில் முந்தைய ஆண்டைப்போல் ஏறத்தாழ 1,300ஆகவே இருந்தது. அடுத்த இரு ஆண்டுகளில் பழைய விமானங்களின் விலை வெகுவாக ஏறியது.

இதற்குக் காரணங்கள் சில. கூட்டத்தோடு பயணிக்க மக்கள் அஞ்சினர். வேலையும் சம்பளமும் தொடர்ந்தவர்களிடம், விடுமுறைக்கும் விருந்துக்கும் போகாததால் பணம் மிஞ்சியது. வட்டியும் அடிமட்டத்துக்கு வந்தது. 2020 மார்ச்சில் கனடா மத்திய வங்கியின் வீதம் 0.25 சதவீதம், இங்கிலாந்து வங்கியின் வீதம் 0.1 சதவீதம். பயணிகள் விமான சேவைகள் மீண்டும் ஆட்களைத் தேடியபோது பயிற்சிப் பள்ளிகளில் மாணவர் நிறைந்தனர். பள்ளிகளும் அதே செஸ்னாக்களைத்தான் தேடின.

எனவே, ஒரே காலம் இரு வகையினரை இரு விதமாக நடத்தியது. உணவகமும் சிறுகடையும் நடத்தியவர் பங்கை விற்றார். கணினியில் வீட்டிலிருந்து வேலை செய்தவர் அதை வாங்கினார்.

வட்டியும் வரியும்

அந்த ஏற்றத்துக்கான விலை பின்னர் வந்தது. 2023 யூலையில் கனடாவில் வட்டி வீதம் 5 சதவீதத்தை எட்டியது. பிரித்தானியாவில் அதே ஆண்டு ஓகஸ்ட்டில் 5.25 சதவீதமானது. மாறும் வட்டியில் கடன் எடுத்து, உச்ச விலையில் வாங்கியவர்கள் இரு பக்கமும் அடிபட்டனர். உதிரிப்பாகத் தட்டுப்பாட்டால் எஞ்சின் புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் காலமும் நீண்டது.

கனடா 2022 செப்டெம்பர் 1 முதல் 100,000 டொலருக்கு மேற்பட்ட விமானங்களுக்கு ஆடம்பர வரி விதித்தது. மொத்த விலையில் 10 சதவீதம் அல்லது 100,000 டொலருக்கு மேற்பட்ட தொகையில் 20 சதவீதம், இவற்றில் குறைந்தது வரியாகும். 2018க்குப் பின் தயாரானவற்றுக்கே அது பொருந்தியதால் பழைய விமானங்கள் தப்பின. 2025 நவம்பர் 4 வரவு செலவுத் திட்டத்தில், விமானங்களுக்கான அந்த வரியை முடிவுக்குக் கொண்டுவருவதாக அரசாங்கம் அறிவித்தது.

ஓடுபாதை போனால்

விலை இறங்கும், ஏறும். வட்டியும் அப்படியே. ஆனால், வீடுகளும் களஞ்சியங்களும் எழுந்த நிலம் மீண்டும் ஓடுபாதை ஆவதில்லை. பட்டன்வில் பெருந்தொற்றால் மூடப்படவில்லை. அது 2010இலேயே நில மேம்பாட்டுக்காகக் கைமாறிவிட்டது. ஆனால், விமான வருமானத்தைவிட நிலத்தின் பெறுமதி பல மடங்கு கூடும்போது, தனியார் கையிலுள்ள எந்த நிலையமும் அதே கணக்கைப் போடும். பறத்தல் குறையும் மந்தகாலம் அந்தக் கணக்கை இன்னும் இலகுவாக்கும்.

பங்கு வாங்க எண்ணுபவர் கவனிக்க

விலையை மட்டும் பார்க்க வேண்டாம். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதம் எத்தனை மணிநேரம் பறந்தது என்பதைப் பதிவேட்டில் பாருங்கள். 2020, 2021இல் நீண்ட இடைவெளி இருந்தால், எஞ்சினின் உள்ளே பார்த்த பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஒரு பங்காளி விலகினால் அவர் பங்குச் செலவை யார் சுமப்பது, எத்தனை மாதம் சுமப்பது என்பதை எழுத்தில் வையுங்கள். எஞ்சின் புதுப்பிப்புக்கென ஒவ்வொரு மணிநேரத்துக்கும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். நிலையம் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

ஆறு மாதம் பறக்காமலே நிலையான செலவைக் கட்டக்கூடிய பணம் கையிருப்பில் இல்லாவிட்டால், சொந்த விமானத்தைவிட மணிக்கணக்கு வாடகையே உங்களுக்குப் பொருந்தும்.