விளிம்பை வெட்டிய படம்

போன மாதம் நண்பர் ஒருவரின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம். இருண்ட காடு, மரக்குடிசை, கையில் கம்போடு ஒரு பெண். கம்பின் நுனியில் கண்கள் எரியும் மண்டையோடு. "நல்லா இருக்குல்ல? சோஃபா கலருக்குப் பொருந்துச்சு, அதான் வாங்கிட்டோம்" என்றார். நல்லாத்தான் இருந்தது. என்ன கதையின் படம் என்று அவருக்குத் தெரியாது. அப்பா வாங்கிவைத்த சோவியத் புத்தகங்களோடு வளர்ந்தவன் நான், எனக்குத் தெரிந்தது. பெண்ணின் பெயர் வசிலிசா. வரைந்தவர் இவான் பிலிபின் (1876-1942). படத்தில் ஏதோ குறைகிறதே என்ற உறுத்தலுக்கு விடை வீடு திரும்பிய பிறகுதான் கிடைத்தது. பிலிபின் சுற்றிலும் வரைந்திருந்த அலங்காரக் கரை அதில் இல்லை. சட்டத்தின் அளவுக்காக வெட்டிவிட்டார்கள்.

இந்த வெட்டைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கதை. நெருப்பு வாங்கிவா என்று வசிலிசாவைச் சூனியக்காரி பாபா யாகாவிடம் அனுப்புகிறாள் சித்தி. அங்கே பெருக்கு, சமை, துவை, தானியத்தைப் பொறுக்கு, கசகசாவிலிருந்து மண்ணைப் பிரி என்று வேலைமேல் வேலை. சாகும்போது தாய் கொடுத்த பொம்மை ரகசியமாகக் கைகொடுக்கிறது. கடைசியில் கிடைக்கிற மண்டையோட்டு நெருப்பு, வீடு வந்து சித்தியையும் அவள் பெண்களையும் சாம்பலாக்குகிறது. அதோடு முடியவில்லை. வசிலிசா நூல் நூற்கிறாள், நெய்கிறாள். ஊசிக்காதில் நுழைகிற அளவு மெல்லிய துணி. அதைச் சட்டையாகத் தைக்க வேறு ஆள் கிடைக்காமல் அந்த வேலையும் அவளிடமே வருகிறது, ஜார் மன்னன் அவளை அழைக்கிறான். ஆரம்பம் முதல் முடிவு வரை பெண்ணின் கை உழைப்பைப் பற்றிய கதையாடல் இது.

இதை அச்சேற்றியவர் அலெக்சாண்டர் அஃபனாசியேவ். 1855 முதல் 1863 வரை அவர் வெளியிட்ட தொகுதிகளில் சுமார் 600 கதைகள் இருந்தன. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது 1861இல் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கதை சொன்ன வாய்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சில் இல்லை. தொகுத்தவரும் தப்பவில்லை. அவருடைய நாட்டார் புனிதக் கதைகள் நூல் தடைசெய்யப்பட்டது. 1862இல் வேலை போனது. நூலகத்தை விற்றுச் சாப்பிட்டு, 1871இல் காசநோயில் செத்தார்.

பிலிபினின் படங்களோடு ஆறு கதைப் புத்தகங்கள் 1901-1903இல் வந்தன. பெரிய அளவு, மெல்லிய புத்தகங்கள். அச்சிட்டது யார் தெரியுமா? ஜாரின் பணத்தாள்களை அச்சடித்த அரசு அச்சகம். தேசம் என்ற ஒன்றைக் கட்டியெழுப்ப ரூபிள் நோட்டும் வேண்டும், 'மக்கள் மரபு'ம் வேண்டும். இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் தயாராயின.

அப்படியானால் பிலிபின் கிராமத்துக் கலைஞரா? இல்லை. பீட்டர்ஸ்பர்க்கில் சட்டம் படித்தவர், ரேப்பினிடம் ஓவியம் கற்றவர். அழுத்தமான கறுப்புக் கோடும் தட்டையான வண்ணமும் கொண்ட அவர் பாணியில் ஜப்பானிய மரஅச்சுப் படங்களின் சாயல் தெளிவாகவே உண்டு. காட்டுக் காளான், பூ இவற்றோடு கிராமத்துப் பூத்தையலும் மரச்செதுக்கும் அவருடைய கரைகளுக்கு வடிவம் தந்தன. 1902-1904இல் அருங்காட்சியகம் ஒன்றுக்காக வோலக்தா, அர்ஹாங்கெல்ஸ்க் பகுதிகளில் அலைந்து துணிகளும் செதுக்குவேலைகளும் சேகரித்தார். அந்தத் துணிகளில் ஊசி போட்ட பெண்களின் பெயர்களும் நமக்கு வந்து சேரவில்லை. பக்கத்தின் நடுவை ஓவியர் எடுத்துக்கொண்டார். அவர்களுக்குக் கிடைத்தது விளிம்பு.

ஆனால் விளிம்பாவது கிடைத்தது. நெய்கிறவளின் கதையைச் சுற்றித் தைக்கிறவர்களின் கைவேலை நின்றது. இன்றைய அலங்கார அச்சுப்படச் சந்தை அதையும் கத்தரித்துவிடுகிறது. ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை கிடையாது; யாரும் அச்சடிக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பொதுச்சொத்து என்பது நல்ல விஷயம்தான். ஆனால் பொதுவுக்கு வருவது படம் மட்டும். கதை வருவதில்லை, கரையும் வருவதில்லை. சித்தியை எரித்த நெருப்பு சோஃபாவுக்கு மேலே அழகு விளக்காகிறது.

பிலிபினின் கதையும் இப்படித்தான் கத்தரிக்கப்படுகிறது. 1906இல் ஜாரைக் கழுதையாக வரைந்து கைதானவர் அவர். 1920இல் நாட்டைவிட்டுப் போய், எகிப்திலும் பாரிசிலும் வாழ்ந்து, 1936இல் லெனின்கிராடு திரும்பினார். 1942 பிப்ரவரியில், நாஜி முற்றுகைக்குள் பசியில் செத்தார். 'விண்டேஜ்' என்ற சொல்லுக்குள் இந்தப் பசி எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "அப்ப கழட்டிடவா?" என்று கேட்டார். வேண்டாம், மாட்டுங்கள். கரையோடு உள்ள படமாகத் தேடி மாட்டுங்கள். வீட்டுக் குழந்தைக்குக் கதையைச் சொல்லுங்கள், சித்தி சாம்பலாகிற இடத்தை விட்டுவிடாமல்.