ஒரே ஈப்போ, ரெண்டு தீர்ப்பு



ஜப்பான்காரன் காலம்னு சொன்னா நம்ம தோட்டத்துப் பெரியவங்க சயாம் ரயில் பாதையைத்தான் சொல்வாங்க. அந்தக் காலத்தை ஒட்டி ஈப்போவுல நடந்த ரெண்டு வழக்கு நம்ம பிள்ளைங்களுக்கு அவ்வளவா தெரியல. அதான் எழுதுறேன்.

சிபில் கார்த்திகேசு ஒரு தாதி. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு, இலங்கைத் தமிழர் வம்சம். ஈப்போ புரூஸ்டர் ரோட்டில் கிளினிக் வைத்திருந்தார்கள். போர் வந்ததும் பாப்பானுக்குக் குடிபோனார்கள். காட்டிலிருந்து இறங்கி வந்த ஜப்பான் எதிர்ப்புப் படை ஆட்களுக்கு அந்த அம்மா ரகசியமா வைத்தியம் பார்த்தார். ரேடியோவை ஒளித்து வைத்து வெளிநாட்டுச் செய்தி கேட்டார்.

1943-ல் கெம்பித்தாய் பிடித்தது. கொடூரமான சித்திரவதை. சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி மிரட்டினார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் விசாரணை. உளவு பார்த்தது, காட்டுப் படைக்கு வைத்தியம் செய்தது, ரேடியோ வைத்திருந்ததுன்னு மூணு குற்றச்சாட்டு. தீர்ப்பு ஆயுள் தண்டனை. பத்து காஜா சிறையில் போட்டார்கள்.

1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் விடுதலை. சித்திரவதை செய்த சார்ஜன்ட் யோஷிமுரா, 1946-ல் அதே ஈப்போவில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றான். அவனுக்கு மரண தண்டனை.

"அவனுக்கு எதுக்கு விசாரணை, பிடிச்ச இடத்திலேயே சுட்டிருக்கலாமே"ன்னு கேட்பீங்க. நானும் யோசிச்சுப் பார்த்தேன். முதல் வழக்கில் அடிச்சு உதைச்சுட்டுத்தான் கோர்ட்டுக்குக் கொண்டு போனாங்க. ரெண்டாவதில் அவனுக்காக வாதாட ஆள் வைக்கும் உரிமை சட்டத்திலேயே இருந்தது. சுட்டுப் போட்டிருந்தா, அவன் செஞ்சது வெறும் வாய்ப்பேச்சா போயிருக்கும். விசாரிச்சதால்தான் குற்றம்னு நிரூபணமாச்சு.

இன்னைக்கு நம்ம பையன் ஒருத்தன் பிடிபட்டா, கோர்ட்டு கூடறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிடுறோம். லாக்கப்பில் அடி விழுந்தா "நல்லா வேணும்"னு சொல்றோம். அந்த அம்மாவை நினைச்சுப் பாருங்க. கெம்பித்தாய் கணக்கில் அவரும் குற்றவாளிதான்.

1947-ல் பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. ஆனா தாடையில் விழுந்த உதையின் காயம் ஆறவே இல்லை. 1948 ஜூன் 12, ஸ்காட்லாந்தில் இறந்தார். அப்புறம் உடலை ஈப்போவுக்குக் கொண்டு வந்து அடக்கம் செய்தார்கள்.

ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பேரில் ரோடு இருக்கு. பாப்பானில் அவர் வைத்தியம் பார்த்த கடைவீடும் இருக்கு. லீவு நாள்ல பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.