உதகையின் பொதுக் காரியங்களும் நம்மவரும்

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பது நம் நாட்டார் வாயில் நெடுநாளாக வழங்கும் பழமொழி. ஊர் இரண்டுபடுவது புதுமையன்று. மனிதர் கூடி வாழும் இடமெல்லாம் அது நிகழ்ந்தே தீரும். இரண்டுபட்ட ஊர் மறுபடி எவ்வாறு ஒரு திண்ணையில் வந்து அமர்ந்தது என்பதே ஆராயத்தக்கது. இவ்வாராய்ச்சிக்கு உதகமண்டலத்தைவிடத் தகுந்த சிறு நகரம் கிடைப்பது அரிது. தொதவரும், கோத்தரும், குறும்பரும், படகராகிய நாமும் இம்மலையில் முன்னரே இருந்தோம். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து சமவெளித் தமிழரும், மைசூர்ப் பக்கத்துக் கன்னடியரும், மலையாளத்தாரும், முகம்மதிய வியாபாரிகளும், கடைசியாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரும் வந்து குடியேறினர். இவ்வளவு பேரும் ஒரே ஏரியின் கரையில், ஒரே சந்தையில், ஒரே மலைப்பாதையை நம்பி வாழ வேண்டியதாயிற்று.

முதலில் ஆங்கிலேயர் வருகைக்கு முன்னிருந்த நிலையைச் சிறிது நோக்குவோம். நம் ஹட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஊர்க்கௌடர் ஒருவர் உண்டு; ஹட்டியில் தீராத வழக்கு பல ஊர்கள் கூடிய கூட்டத்திற்குப் போகும்; அங்கும் தீராதது சீமைக் கூட்டத்திற்குப் போகும். தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தைநாடு என்னும் நான்கு சீமைகளும் சேர்ந்ததே நாக்குபெட்டா என்பதை நம் குழந்தைகளும் அறிவர். இவையெல்லாம் நமக்குள் நாமே செய்துகொண்ட ஏற்பாடு. நம்மவருக்கும் தொதவருக்கும் இடையே வழக்கு எழுந்தால் என் செய்வது?

இதற்கு விடை நம் ஏடுகளில் இல்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரிவர்ஸ் என்னும் பண்டிதர் எழுதிய நூலில் இருக்கிறது. அவர் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் இம்மலையில் தங்கித் தொதவரின் வழக்க ஒழுக்கங்களை ஆராய்ந்து, 1906-இல் அதனை வெளியிட்டார். தொதவரின் நியாய சபைக்கு நைம் என்று பெயர். அதன் அங்கத்தினர் ஐவர். அவ்வைவருள் நால்வர் தொதவர். ஐந்தாமவர் ஒரு படகர்! இதை முதன்முறை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். பாஷை வேறு, தெய்வம் வேறு, தொழில் வேறு. அவர்கள் எருமை மேய்ப்போர், நாம் ஏர் உழுவோர். மேய்ச்சல் நிலத்தை உழுதால் சண்டை, உழுத நிலத்தில் எருமை புகுந்தால் சண்டை. ஆயினும் தங்கள் சொந்தச் சபையிலேயே அண்டை வீட்டானுக்கு ஓர் ஆசனம் ஒதுக்கி வைத்தார்கள். இதனை அன்பின் மிகுதியால் செய்தார்கள் என்று நான் கூறமாட்டேன். நாம் தானியம் கொடுக்க, அவர்கள் நெய் கொடுக்க, கோத்தர் கருவியும் கலமும் வாத்தியமும் கொடுக்க நடந்துவந்த வாழ்வில், ஒருவரை வெளியே நிறுத்திச் செய்த தீர்ப்பு மறுநாள் காலையிலேயே செல்லாததாகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இதற்கு நேர்மாறான காட்சியை அடுத்துக் காண்கிறோம். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் துரை 1819-இல் மலையேறி வந்தார். உதகையில் வீடு கட்டினார். 1823-இல் ஏரி வெட்டும் வேலையைத் தொடங்கினார். இம்மலை நிலம் தொதவருக்கே உரியது என்பது அவர் கொள்கை. சென்னைக் கவர்னராக 1827-இல் வந்த லஷிங்டன் இதனை ஒப்பவில்லை. இருவருக்கும் நெடிய விவாதம் மூண்டது. 1830-இல் மலையின் பெரும்பகுதியைக் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து பிரித்து மலையாள ஜில்லாவோடு சேர்த்தார்கள். 1843-இல் மீண்டும் கோயமுத்தூருக்கே திருப்பினார்கள். காகிதங்கள் சென்னைக்கும் லண்டனுக்கும் கப்பலேறின. சலிவன் துரை தொதவருக்காகப் பரிந்து பேசியது உண்மை. அதற்காக அவரை நாம் மறவோம். எனினும் நிலத்துக்கு உரியவரைப் பற்றி இத்தனை பக்கங்கள் எழுதப்பட்ட காலத்தில், எழுதிய மேஜையின் எதிரே அவருக்கு ஒரு நாற்காலி போடப்படவில்லை.

1845-இல் உதகைவாழ் ஆங்கிலேயர் சிலர் மாதம் 3 ரூபாய் சந்தா வைத்து ஒரு காய்கறித் தோட்டம் போட்டனர். அதுவே 1848-இல் மக்கைவர் என்பாரின் வருகைக்குப் பின் இன்றைய தாவரவியல் பூங்காவாக வளரலாயிற்று. சந்தாதாருக்கு வேண்டிய முட்டைக்கோசு கிடைத்தால் போதும் என்று தொடங்கிய காரியம், பொதுச் சொத்தாகி நிலைத்தது. நகரத்தின் நிர்வாகமோ சந்தாதாரர் மனப்பான்மையிலிருந்து அவ்வளவு விரைவில் விடுபடவில்லை. 1865-ஆம் ஆண்டின் நகர அபிவிருத்திச் சட்டத்தின்படி 1866-இல் உதகையில் முனிசிபாலிடி ஏற்பட்டது. 1868-இல் நீலகிரி தனி ஜில்லாவாகி, பிரீக்ஸ் துரை முதல் கமிஷனரானார். முனிசிபல் சபையில் அமர்ந்தோர் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டோர். பங்களாக்காரர் கண்ணுக்குப் படும் பாதையும் விளக்கும் முதலிற் கவனிக்கப்பட்டன. கடைத்தெருவின் சாக்கடையோ ஏரிக்குள் ஓடிற்று. இதைப் பற்றிய முறையீடுகள் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியவை. ஏரியின் மேற்பகுதியைத் தூர்த்து மைதானமாக்கினார்கள்; குதிரைப் பந்தயம் அங்கே நடந்தது. தூர்த்தது போக எஞ்சிய ஏரியில் சாக்கடை கலப்பது ஆட்சி மாறிய பின்னும் பல்லாண்டு நிற்கவில்லை. அதில் வெள்ளையரை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. படகுத்துறையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்குப் போய் நம் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளாமலிருந்தவர் நம்மவரிலும் உண்டு.

ரிப்பன் பிரபு 1882-இல் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். 1884-இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும் ஸ்தல போர்டுகள் சட்டமும் வந்தன. தேர்தல் என்னும் வாயில் திறந்தது. வரி செலுத்துவோர் அதன் வழியே நுழைந்தனர். நம் ஹட்டிகளோ பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே. சந்தை நாளில் உதகைத் தெருவில் உருளைக்கிழங்கும் காய்கறியும் சுமந்து நிறைந்தவர் நாம். அத்தெருவின் வரியை, கழிவை, வாடகையைத் தீர்மானித்த சபைக்கு நமக்கு வாக்கு இல்லை. நம் குரல் கேட்கத் தொடங்கியது நகர மன்றத்தில் அன்று. ஜில்லா போர்டிலும் சட்டசபையிலுமே. உபதலை ஆரி கௌடர் இவ்விரண்டிலும் பணியாற்றிய வரலாறு நம் வீடுகளில் இன்றும் பேசப்படுவது. அவருடைய தந்தையார் பெள்ளி கௌடர், 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்த மலை ரயில் வேலையில் கண்டிராக்டராக இருந்தவர்.

ஆரி கௌடரின் காரியங்களுள் 1935-இல் தோன்றிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தையே நான் முதன்மையாக வைப்பேன். இது நகரசபையன்றே, இதை ஏன் இங்கே கூறுகிறீர் என்று வினவலாம். காரணம் உண்டு. கிழங்கு விளைந்தது மேலே. விலை தீர்ந்தது கீழே, மேட்டுப்பாளையம் மண்டிகளில். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே விளைவையும் எடுத்து, தாம் சொன்னதே விலை, தாம் எழுதியதே கணக்கு என்று வைத்தால், விளைவித்தவன் செய்யக்கூடியது யாது? வியாபாரிகள் யாவரும் தீயவர் என்பது என் கருத்தன்று. பலர் பஞ்ச காலத்தில் நம்மவர் அடுப்பெரியக் கைகொடுத்தவர். குறை மனிதரிடம் இல்லை. விலை தீர்மானிக்கும் இடத்தில் விளைவித்தவன் இல்லாததே குறை. கூட்டுறவுச் சங்கம் மேட்டுப்பாளையத்திலேயே பகிரங்க ஏலத்தை ஏற்படுத்திற்று. வாங்குவோர் எல்லாரும் கேட்க விலை கூறப்பட்டது; விற்பவன் தரப்பில் அவனுடைய சங்கமே நின்றது. வியாபாரி அழியவில்லை, ஏலத்துக்கு வந்தான், போட்டி போட்டான், வாங்கினான். தொதவரின் சபையில் நமக்கிருந்த ஐந்தாம் ஆசனம் போன்றதொன்றை நாமே சந்தையில் நமக்கு அமைத்துக்கொண்டோம் எனலாம். பின்னர் 1961-இல் நம் கிழங்கு வயல்களில் நூற்புழு நோய் கண்டறியப்பட்டு, விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்து, நிலம் தேயிலைக்கு மாறியது வேறு கதை.

இனிக் கூறப்போவது சிலருக்குக் கசக்கும். ஆசனம் கேட்டுப் பெற்ற நாம், பிறருக்கு ஆசனம் கொடுத்தோமா? 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இழவு வீட்டில் கோத்தர் வாத்தியம் வேண்டுமா வேண்டாமா என்று நம்மவர் இரு கட்சியாகப் பிரிந்தனர். சீர்திருத்தம் வேண்டும் என்றோர் ஒருபால்; முன்னோர் வழக்கம் என்றோர் ஒருபால். கூட்டங்கள் கூடின; மனஸ்தாபங்கள் வளர்ந்தன. சீர்திருத்தக் கட்சியார் கூறியதில் நியாயம் உண்டு என்பதே என் எண்ணம். ஆனால் தலைமுறை தலைமுறையாக நம் துக்கத்திலும் சந்தோஷத்திலும் வாசித்துவந்த கோத்தரின் ஜீவனத்தைப் பற்றிய அவ்வாதத்தை, அவர்களை உடன் வைத்துக்கொள்ளாமல் நமக்குள்ளேயே நாம் நடத்தினோம். சலிவனும் லஷிங்டனும் தொதவருக்குச் செய்ததையே நாம் கோத்தருக்குச் செய்தோம்.

இன்னொன்று. 1964-இல் சாஸ்திரி, சிறிமாவோ ஆகியோரின் ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தமிழர் குடும்பங்கள் இம்மலைக்கு வந்தன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் அரசாங்கத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அவர்கள் கொழுந்து கிள்ளினர். நம் சிறு தோட்டங்களிலும் கிள்ளினர். நம்மவர் பேச்சில் அவர்கள் நெடுங்காலம் "வந்தவர்" என்றே வழங்கினர். வந்து ஒரு தலைமுறையான பின்னும் ஒருவர் வந்தவராகவே இருப்பது எவ்வாறு என்று என் பேத்தி என்னைக் கேட்டாள். பெண்கள் விஷயமும் இவ்வாறே. ஊர்க்கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. 1992-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தங்கள் ஸ்தல ஸ்தாபனங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கின. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்ந்தது. 2022 தேர்தலுக்குப்பின் 36 வார்டுகள் கொண்ட உதகை நகர மன்றத்தின் தலைமை ஒரு பெண்மணிக்கு வந்தது. ஹட்டிக் கூட்டங்களுக்கு எந்தச் சட்டமும் வரவில்லை; அது நம் கையிலேயே விடப்பட்டிருக்கிறது.

சமீப காலத்து இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கினால் விஷயம் இன்னும் விளங்கும். 2000, 2001-ஆம் ஆண்டுகளில் ஸ்ரீமதி சுப்ரியா சாகு கலெக்டராயிருந்தபோது, பிளாஸ்டிக் பைகளை இந்த ஜில்லாவிலிருந்து ஒழிக்கும் முயற்சி தொடங்கிற்று. கடைக்காரர் நஷ்டப்படுவர் என்றும், டூரிஸ்டுகள் கேளார் என்றும் பலர் கூறினர். ஆனால் கடைக்காரர், பள்ளிக்கூடங்கள், தொண்டர் குழுக்கள் ஆகியோரை அக்காரியத்தில் சேர்த்துக்கொண்டார்கள். துணிப்பை கைக்கு வந்த பின்னரே பிளாஸ்டிக் பை கையை விட்டது. தமிழ்நாடு முழுமைக்கும் அத்தகைய தடை 2019 ஜனவரி 1-ஆம் தேதியே வந்தது என்பதை நினைக்க, இச்சிறு ஜில்லா எத்தனை ஆண்டு முந்திற்று என்பது புலனாகும்.

மற்றது இ-பாஸ். மலைப்பாதைகளில் மோட்டார் நெரிசல் பொறுக்க முடியாததாகிவிட்டது. அதை மறுப்பார் யாருமில்லை. சென்னை ஹைகோர்ட் உத்தரவின்படி 2024 மே 7-ஆம் தேதி முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வருவோர் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. 2025-இல் உதகைக்குச் சாதாரண நாட்களில் 6000 வண்டிகள், வாரக் கடைசியில் 8000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி வியாபாரிகள் ஜில்லா முழுவதும் கடையடைப்புச் செய்தனர். நோய் உண்மை, மருந்தும் தவறென்று நான் சொல்லேன். கோர்ட்டில் வாதி பிரதிவாதிகள் உண்டு, வக்கீல்கள் உண்டு, நிபுணர்கள் உண்டு. தங்கும் விடுதி நடத்துவோன், டாக்ஸி ஓட்டுவோன், வர்க்கி சுடுவோன், நெரிசலில் ஆம்புலன்ஸ் நின்றுவிட்ட ஹட்டிக்காரன் ஆகிய இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் இடம் கோர்ட்டன்று. அதற்கு உரிய இடம் நகர மன்றம். அந்த மன்றத்திலோ, நகர எல்லைக்கு வெளியே இருப்போனுக்கு இன்றும் வாக்கில்லை.

நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் மலைப்பாதை நெரிசலைப் பற்றிய தீர்மானம் ஒன்று வரப்போவதாக அறிகிறேன். அத்தீர்மானத்தை எழுதுமுன், தொதவர், கோத்தர், தாயகம் திரும்பியோர், உதகைக் கடைத்தெருவினர் ஆகியோரில் வகைக்கு ஒருவரையேனும் அழைத்து, பார்வையாளராக அன்று, பேச உரிமையுள்ளவராக அமரச் செய்ய வேண்டும் என்று காரியதரிசி அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். நம் மாதர்களும் அன்று பின்வரிசையில் நிற்காமல் உட்கார இடம் வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறேன். பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்.