சறுக்குவண்டிப் பட்டறையில் பிறந்த கத்தி

காட்டில் முகாம் போடுகிறவர்கள், மரம் செதுக்குகிறவர்கள், மீன் பிடிக்கப் போகிறவர்கள் யாரிடமாவது “விலை குறைவாக, உருப்படியான ஒரு கத்தி சொல்லுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பெயர்தான் வரும்: மோரா. இது மடக்குக் கத்தி அல்ல. அலகும் பிடியும் அசையாமல் சேர்ந்து, உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் வகை. பத்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அலகு, பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை. அமெரிக்கச் சந்தையில் சாதாரண மாதிரி ஒன்று இருபது டாலருக்கு முன்னே பின்னே கிடைக்கும். அதே கடையில் இருநூறு டாலர் கத்தியும் இருக்கும். அதை வாங்கி வைத்திருப்பவர்கள்கூட வேலை என்று வந்தால் மோராவைத்தான் எடுக்கிறார்கள்.

மோரா என்பது ஓர் ஊர். சுவீடனின் நடுவில், டாலர்னா வட்டாரத்தில், சில்யான் ஏரிக்கரையில் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டமாக நடக்கும் வாசலோப்பெட் இந்த ஊரில்தான் முடிகிறது. ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் இந்த ஊர்க்காரர். ஆனால் கத்தியின் கதைக்கு வேண்டியது இந்தப் பெருமைகள் அல்ல, இந்த மண்ணின் வறுமை.

டாலர்னாவில் சொத்தைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் துண்டாகிக்கொண்டே போனது. குளிர் தேசத்தில் விளையும் காலமும் குறைவு. வயலை மட்டும் நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்ற நிலையில் ஒவ்வொரு வீடும் ஒரு கைத்தொழிலைப் பிடித்துக்கொண்டது. மோராவில் ஆளுயரக் கடிகாரம் செய்தார்கள். பக்கத்து நுஸ்னெஸ் கிராமத்தில் மரக்குதிரை செதுக்கினார்கள். சுவீடனின் சின்னமாகவே ஆகிவிட்ட அந்தச் சிவப்புக் குதிரையை இன்றும் அங்கே கையால்தான் செதுக்குகிறார்கள். இன்னும் சிலர் கத்தி அடித்தார்கள்.

மோராவை ஒட்டிய ஓஸ்ட்நூர் என்ற சிற்றூரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடிகாரப் பல்சக்கரம், பித்தளை வார்ப்பு, கத்தி என்று உலோகத்தோடு பழகிய கைகள் நிறைந்த இடம் அது. 1865-ல் ஃப்ரோஸ்ட் மட்ஸ் மட்சன் என்பவர் அங்கே தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் தண்ணீர்க் குழாய்கள் செய்யும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ‘ஃப்ரோஸ்ட்’ என்பது அவருடைய பண்ணையின் பெயர். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரை வைப்பதுபோல, அங்கே பண்ணைப் பெயரை முன்னால் வைப்பார்கள்.

அதே பெயரை முன்னால் வைத்திருந்த இன்னொருவர், ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன், அமெரிக்காவுக்குப் போய் நான்கு ஆண்டுகள் மர வேலை பார்த்துவிட்டு 1891-ல் ஓஸ்ட்நூர் திரும்பினார். வெட்டிய மரங்களைப் பனிக்காலத்தில் இழுத்துச் செல்லும் சறுக்குவண்டிகளைச் செய்ய ஒரு பட்டறை போட்டார். வண்டி செய்கிறவர்களுக்குக் கத்தி வேண்டும். அதை வெளியே வாங்காமல் அங்கேயே அடித்துக்கொண்டார்கள். கத்தி அந்தப் பட்டறையின் சரக்கே அல்ல, சொந்த உபயோகத்துக்கான கருவி. சறுக்குவண்டியை இன்று யாரும் தேடுவதில்லை. கூடவே பிறந்த கத்திதான் உலகம் சுற்றுகிறது.

அந்தக் கத்தி ஏன் அந்த உருவத்தில் பிறந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் உழைப்பும் புரியும். பனிக்காட்டில் மரம் இழுக்கிறவனுக்கு நாள் முழுக்கச் சில்லறை வேலைகள். குதிரையின் தோல்வார் அறுந்தால் தைக்கத் துளை போட வேண்டும். வண்டியின் முளை உடைந்தால் அங்கேயே ஒரு கிளையைச் சீவிப் புதிது செய்ய வேண்டும். நெருப்பு மூட்டச் சிராய் சீவ வேண்டும். மதியம் அதே கத்தியால் ரொட்டியும் உப்புப் பன்றிக்கறியும் நறுக்க வேண்டும். இதற்கெல்லாம் நீண்ட அலகு இடைஞ்சல், தடித்த அலகு பாரம். அதனால் அலகு பத்து சென்டிமீட்டரில் நின்றது. பிடியை பிர்ச் மரத்தில், நடுவில் சற்றுப் பருத்து இரு முனையும் ஒடுங்கிய உருளையாகக் கடைந்தார்கள். கையுறை போட்ட கையிலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அடங்கும். விரல் வழுக்காமல் தடுக்கும் குறுக்குக் காப்பு கிடையாது. மரம் செதுக்குகிறவன் அடிக்கடி பிடியை மாற்றுவான். கட்டைவிரலை அலகின் முதுகில் வைப்பான். அங்கே காப்பு இருந்தால் கைக்கு இடிக்கும்.

அலகுக்குள் இன்னொரு சிக்கனம் இருந்தது. கரி அதிகம் கலந்த எஃகு நல்ல கூர் பிடிக்கும். ஆனால் விலை அதிகம், கடினமாக்கினால் நொறுங்கும் குணமும் உண்டு. அதனால் நடுவில் மட்டும் அந்த எஃகை மெல்லிய தகடாக வைத்து, இரு பக்கமும் மென்மையான இரும்பைப் போர்த்தி, மூன்றையும் ஒன்றாகப் பற்ற வைத்தார்கள். கூர் வரும் இடத்தில் மட்டும் கடினம் வெளியே தெரியும். அடியைத் தாங்குவது பக்கத்து இரும்பு. இந்த அடுக்கு அலகுக் கத்திகளைத் தேடிப் பிடித்து வாங்குகிற செதுக்குக் கலைஞர்கள் இன்றும் உண்டு. அதன் சரிந்த பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், இரும்பும் எஃகும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு அலகு நெடுக ஓடுவது தெரியும்.

1912-ல் க்ரோங் யோஹான் எரிக்சன் அதே ஊரில் இன்னொரு கத்திப் பட்டறையைத் தொடங்கினார். ஒரே சிற்றூரில் இரண்டு வீட்டார் ஒரே மாதிரிக் கத்தியைச் செய்து பல பத்தாண்டுகள் போட்டி போட்டார்கள். சாரணர் இயக்கச் சிறுவர்களும், மீன் வெட்டும் தொழிலாளர்களும், தச்சர்களும், சுவீடன் ராணுவத்தினரும் வாங்கினார்கள். 2005-ல் இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகி ‘மோரா ஆஃப் ஸ்வீடன்’ ஆயின. 2016-ல் ‘மோராக்னிவ்’ என்று பெயர் மாறியது.

விலை குறைந்தது எப்படி? எஃகை மட்டமாக்கிக் குறைக்கவில்லை என்பதுதான் நான் இந்தக் கத்தியை மதிக்கக் காரணம். சம்மட்டியால் அடித்த இடத்தில் பிரஸ் வந்தது. எஃகுத் தகட்டிலிருந்து அலகின் வடிவம் பஞ்ச் அடித்து எடுக்கப்படுகிறது. உலையில் சூடேற்றித் தோய்ச்சல் போட்டு, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதம் ஏற்றுகிறார்கள். இரு பக்கமும் ஒரே ஒரு அகலமான சரிவாகச் சாணை பிடிக்கிறார்கள். சரிவு ஏறக்குறைய நேராகப் போய்க் கூரில் முடியும்; பல கத்திகளில் இருப்பதுபோல் தனியாகத் தெரியும் இரண்டாவது சரிவு இருப்பதில்லை. பிறகு அலகின் வாலை, அதாவது பிடிக்குள் போகும் பகுதியை, அச்சில் நிறுத்தி, அதைச் சுற்றி உருகிய பிளாஸ்டிக்கைப் பாய்ச்சினால் பிடி தயார். ஆணி இல்லை, பசை இல்லை, பாலிஷ் இல்லை. அலகு மெலிது என்பதால் எஃகும் குறைவு. ‘கம்பானியன்’ என்ற மாதிரியின் துருப்பிடிக்காத அலகு வெறும் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்.

அந்தத் துருப்பிடிக்காத எஃகும் உள்நாட்டுச் சரக்குதான். 12சி27 என்று பெயர். நூற்றுக்கு 0.6 பங்கு கரியும் 13.5 பங்கு குரோமியமும் கலந்தது. இதை உருவாக்கிய சாண்ட்விக் நிறுவனத்தைத் தொடங்கிய யோரான் ஃப்ரெட்ரிக் யோரான்சன், பெஸ்ஸெமர் முறையில் எஃகு எடுப்பதை 1858-ல் தொழில் அளவில் முதலில் வெற்றியாக்கிக் காட்டியவர்.

இனி, இந்தக் கத்தி எவ்வளவு தாங்கும் என்ற விஷயம். இதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

முதலில் கூர். கரி எஃகு அலகு சாதாரணமாக ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை கடினம். துருப்பிடிக்காதது 56 முதல் 58. கரி எஃகு அதிக நேரம் கூர் நிற்கும், சாணைக்கல்லிலும் சீக்கிரம் இணங்கும். துருப்பிடிக்காதது சற்று முன்னதாக மழுங்கும். ஆனால் முரட்டுக் கையைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டிலும் கூரின் கோணம் இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 25 பாகைதான். மரத்தில் வெண்ணெயாக இறங்கும். அதே மெலிவுதான் அதன் பலவீனமும். எலும்பில் போட்டாலோ, காய்ந்த கணுவில் குத்தித் திருகினாலோ வாய் மடங்கும், அல்லது சிறு பல் விழும். கத்தி மட்டம் என்று அப்போது திட்டுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது கத்தியின் குறை அல்ல. மெலிந்த வாய் வேண்டும், எதிலும் மடங்கவும் கூடாது என்று ஒரே அலகிடம் கேட்க முடியாது.

மழுங்கியதைத் திரும்பக் கொண்டுவருவதில் இந்தக் கத்திக்கு இணை குறைவு. சாணைக்கல்லை நனைத்து, அலகின் அகலமான சரிவைக் கல்லின் மேல் படுக்க வையுங்கள். இரண்டு விரலால் மெல்ல அழுத்தினால் சரிவு கல்லோடு ஒட்டி உட்காருவது விரலுக்கே தெரியும். கோணத்தை மனத்தில் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. சரிவே கோணத்தைச் சொல்லிவிடும். முன்னே தள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் நகத்தால் தடவினால் பிசிறு தட்டுப்படும். அப்போது திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் அதேபோல். கடைசியில் ஒரு தோல் பெல்ட்டில் பின்னோக்கி நாலு இழுப்பு இழுத்தால் தாளைச் சத்தமில்லாமல் அறுக்கும். சாணை பிடிக்கத் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கத்தியை எனக்குத் தெரியாது.

இரண்டாவது, துரு. கரி எஃகு அலகு நம் வீட்டுப் பழைய அரிவாள்மனை மாதிரியேதான். எலுமிச்சை நறுக்கிய சில நிமிடத்தில் கருக்கும், வெங்காயம் பட்டால் நீலம் ஓடும். அந்தக் கருப்பு கெடுதல் அல்ல; படிந்த பிறகு செந்துரு ஏறுவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் ஈரத்தோடு உறையில் போட்டு ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்புள்ளிகள் நிச்சயம். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

மூன்றாவது, உடைவது. காடு வாழ்க்கையை விரும்புகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: விறகின் தலையில் கத்தியைக் குறுக்கே வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளப்பது. சாதாரண மோராவில் அலகின் வால் பிடியின் கடைசி வரை போவதில்லை. மெல்லிய, கணு இல்லாத விறகில் அடித்தால் ஒன்றும் ஆகாது. தடித்த விறகில் அலகு சிக்கிக்கொண்ட பிறகு பிடியை அழுத்தி அழுத்தி அடிக்கும்போது முழு விசையும் அலகும் பிடியும் சேரும் இடத்தில் விழுகிறது. முறிந்தால் அங்கேதான் முறியும். நுனியை நெம்புகோலாக்கினால் நுனி போகும். கனடாவில் காட்டுத்திறன் கற்பித்த மோர்ஸ் கோச்சான்ஸ்கி, 2019-ல் மறைந்தவர், இத்தகைய எளிய மோராவையே கழுத்துக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு மாணவர்களுக்கும் அதையே சிபாரிசு செய்தார். பெரிய மரத்துக்கு அவர் கோடரியும் ரம்பமும் வைத்திருந்தார்.

முறிகிறது என்ற புகாருக்கு விடைபோல நிறுவனம் 2016-ல் ‘கார்பர்க்’ என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. வால் பிடியைக் கடந்து பின்னால் எட்டிப்பார்க்கும். அலகு 3.2 மில்லிமீட்டர் தடிமன். தீக்கம்பியை உரசிப் பொறி எழுப்ப முதுகையும் சதுரமாகச் சாணை பிடித்திருக்கிறார்கள். கம்பானியனில் இந்த வசதி இல்லை. உறுதியான கத்தி, சந்தேகமில்லை. விலையும் பல மடங்கு. ஆனால் தடித்த அலகு ஆப்பிளை நறுக்கும்போது பாதியிலேயே பிளந்துவிடுகிறது, செதுக்கும்போது கைக்கு அதிக பலம் கேட்கிறது. பனிக்காட்டுத் தொழிலாளிக்காகப் பிறந்த கத்தியிலிருந்து அது ஓர் அடி விலகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

உறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அடியில் தண்ணீர் வடியத் துளை உண்டு, அது நல்ல யோசனை. ஆனால் இடுப்பில் மாட்டும் பிளாஸ்டிக் கொக்கி இந்தக் கத்தியின் மட்டமான பகுதி. புதருக்குள் நுழைந்து வரும்போது பெல்ட்டிலிருந்து கழன்றுவிடலாம். ஒரு கயிற்றைக் கோத்துக் கட்டிக்கொள்வது நல்லது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. விலை உயர்ந்த கத்திக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு சாதாரண மோராவும், இரண்டு பக்கமும் வேறு வேறு நறநறப்புள்ள ஒரு சாணைக்கல்லும், ஒரு சிறு மடக்கு ரம்பமும் வாங்குங்கள். பிளக்க வேண்டியதை ரம்பத்தால் துண்டாக்கிச் சிறிதாக்குங்கள். கத்தியைச் சீவவும் நறுக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கரி எஃகு. கடற்கரை ஊர்க்காரர்களும் மீன் வெட்டப் போகிறவர்களும் யோசிக்காமல் துருப்பிடிக்காததையே வாங்குங்கள்.