அம்புலிமாமாவில் பெயர் அச்சாகாத எழுத்தாளர்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அம்புலிமாமா என்றதும் உங்களில் பலருக்கு வேதாளம்தான் ஞாபகம் வரும். தோளில் பிணத்தோடு நடக்கும் விக்கிரமாதித்தன் படத்தை வரைந்தவர் சங்கர் என்பதும் தெரிந்திருக்கும். அவர் 2020-ல் காலமானார். மறு வருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டதால் அவர் பெயர் நிலைத்தது.

ஆனால் 1960-களில் பிள்ளைகளாக இருந்த எங்களை மாதாமாதம் காக்கவைத்தது அதில் வந்த மாயாஜாலத் தொடர்கதை. அதன் தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்காது. ஓவியர் 'சித்ரா'வின் கையெழுத்து மட்டும் இருக்கும்.

எழுதியவர் தாசரி சுப்ரமண்யம். தெலுங்குக்காரர்.

நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் இந்த இதழைத் தொடங்கினார்கள். 'பாதாள பைரவி', 'மாயாபஜார்' படங்களை எடுத்தவர்களும் இவர்களே. 1952-ல் சுப்ரமண்யம் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1954-ல் அவருடைய முதல் தொடர் தெலுங்கில் வந்தது. தலைப்பு 'தோகசுக்க'; வால்நட்சத்திரம் என்று பொருள். அடுத்த இருபது வருடங்களில் பத்துக்கும் மேற்பட்ட தொடர்கள். சென்னை வடபழனியில் தெலுங்கில் எழுதியதைப் பல மொழிப் பிள்ளைகள் தங்கள் கதையாகவே படித்தார்கள்.

அந்தக் கதைகளில் அப்படி என்ன இருந்தது? ஏகாக்ஷி என்று ஒற்றைக்கண் மந்திரவாதி. அவனுக்கு எதிரி நாலு கண் கொண்ட சதுர்நேத்திரன். அவனுக்கு ஏவல் செய்ய ஒரு ஆந்தை. பயமாகவும் இருக்கும், சிரிப்பும் வரும். தீவு, பாதாளம், பாழடைந்த கோயில் என்று கதை நடக்கும் இடங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. அதனால் படிக்கும் பிள்ளை தன் ஊரையே அங்கே வைத்துக்கொள்ளும். கடப்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆலம்பரைக் கோட்டை இருந்தது. 1760-ல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட சுவர், அதை ஒட்டிக் கழிமுகம், அப்பால் கடல். மந்திரவாதி குடியிருக்க வேறென்ன வேண்டும்? வரலாற்றுப் பாடத்தில் அந்தக் கோட்டையைப் பற்றிப் படிக்கும் முன்பே, அது எங்களுக்குக் கதையாகப் பழகிவிட்டது.

இங்கிலாந்தில் 'ஆலிஸின் அற்புத உலகம்' 1865-ல் வந்தது. எழுதியவர் டாட்ஜ்சன் என்ற கணக்கு ஆசிரியர். அவரும் சொந்தப் பெயரில் எழுதவில்லை; ஆனால் லூயி கரோல் என்ற புனைபெயரையாவது உலகம் பிடித்துக்கொண்டது. நம் தாசரிக்கு இதழில் அதுவும் கிடைக்கவில்லை. 2010-ல் அவர் காலமானார். அந்தத் தொடர்கள் தெலுங்கில் அவர் பெயரோடு நூல்களாக வந்ததைப் பின்னால் அறிந்தபோது நிம்மதியாக இருந்தது.

2013-க்குப் பிறகு அம்புலிமாமாவும் வரவில்லை. பழைய இதழ்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட வீடுகள் நம் ஊரிலேயே உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடந்தால் போட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுங்கள். அப்படியே முதல் பக்கத்தில், படக்கதை கலையாமல் ஓரமாக, பென்சிலால் எழுதி வையுங்கள்: தாசரி சுப்ரமண்யம்.

பரீட்சையில் பெயர் எழுத மறந்த விடைத்தாளையும் கையெழுத்தைப் பார்த்து, உரியவரைத் தேடிக் கொடுத்துத்தானே எனக்குப் பழக்கம்.