தாறுமாறு நாடி: கிழவியின் கஷாயம் முதல் மீன் எண்ணெய் வரை

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துச் சேர்த்த குறிப்புகளை இங்கே தொகுத்து வைக்கிறேன். டாக்டர்கள் சுருக்கமா 'ஏஎஃப்'னு சொல்றாங்க. இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நிமிஷத்துக்கு 350 முதல் 600 தடவை வரை உதறிக்கொண்டே இருக்கும். அந்த உதறலில் ஒரு பங்குதான் கீழறைகளுக்கு இறங்குகிறது, அதுவும் கணக்கில்லாமல். மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒரு துடிப்பு பலமாக, அடுத்தது லேசாக, நடுவில் ஒரு இடைவெளி, உடனே அவசரமாக இரண்டு என்று தாறுமாறாகத் தெரியும். சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்கல். சிலருக்கு எதுவுமே தெரியாது.

இந்த நோய் வந்தவர் வீட்டுக்கு முதலில் வந்து சேர்வது அறிவுரைதான். மக்னீசியம் சாப்பிடுங்க, மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் போடுங்க, காபியை விடுங்க, கீரையே கூடாது, கீரைதான் மருந்து! எது சரி, எது சும்மா? இந்தக் கேள்விக்கு 250 வருஷ வரலாறு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் பதில் கொஞ்சம் தெளிவாகும் என்பது என் எண்ணம். (நான் மருத்துவன் இல்லை. இது வரலாற்றுக் குறிப்பு, மருந்துச் சீட்டு இல்லை.)

ஷ்ராப்ஷயர் கிழவியின் கஷாயம்

1775. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு நாட்டு வைத்தியக் குறிப்பைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார்கள். நீர் கோத்து உடம்பு வீங்குபவர்களுக்கு ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி கொடுத்துவந்த கஷாயம் அது. ரகசியமாக வைத்திருந்தார். அதில் 20-க்கும் மேற்பட்ட மூலிகைகள். விதரிங் தாவரவியலும் படித்தவர் என்பதால், வேலை செய்வது ஃபாக்ஸ்க்ளோவ் என்ற ஒரே செடிதான் என்று கண்டுகொண்டார். (கிழவியின் பெயர் 'மதர் ஹட்டன்' என்று பல இடங்களில் படிக்கலாம். அது 20-ஆம் நூற்றாண்டின் மருந்து விளம்பரம் ஒன்று கிளப்பிய கற்பனை. விதரிங் பெயர் எதுவும் சொல்லவில்லை.)

கிழவிக்கும் விதரிங்குக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் இங்கே முக்கியம். விதரிங் பத்து வருஷம் செலவழித்து இலையை எப்போது பறிப்பது, எவ்வளவு பொடி கொடுப்பது, எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது என்று எழுதி வைத்தார். 1785-ல் வந்த அவர் புத்தகத்தில் 163 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. குணமானவர்களை மட்டும் பொறுக்கிப் போடவில்லை, பலிக்காதவர்களையும் சேர்த்தே எழுதினார். அளவு மீறினால் வாந்தி, பார்வை மஞ்சளும் பச்சையுமாகத் தெரிவது, நாடி மிக மெதுவாவது, கடைசியில் மரணம் என்றும் எச்சரித்தார். 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பவர்களுக்கு அந்தப் புத்தகமே பதில்.

அவர் குணப்படுத்தியவர்களில் கணிசமானவர்களுக்கு ஏஎஃப் இருந்திருக்க வேண்டும் என்று பிற்கால மருத்துவர்கள் நினைக்கிறார்கள். அந்தச் செடியின் மருந்து மேலறை உதறலை நிறுத்தாது. கீழறை அவசரப்படுவதைக் குறைக்கும். அதன் நெருங்கிய சொந்தமான டிகாக்ஸின் மாத்திரை இன்றும் நம்மூர் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

வியாபாரி போட்ட பந்தயம்

நோய்க்குச் சரியான அடையாளம் கிடைக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஐந்தோவன் 1906-ல் ஈசிஜி பதிவில் இந்தத் தாறுமாறுத் துடிப்பை வெளியிட்டார். 1909-ல் லண்டனில் தாமஸ் லூயிஸ், இது அபூர்வமான விஷயமில்லை, சாதாரணமாகவே காணப்படும் நோய்தான் என்று காட்டினார்.

அடுத்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1912-ல் வெங்க்கெபாக் என்ற டச்சு இதய மருத்துவரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். நாடி தாறுமாறு. என்னால் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வியாபாரி விடவில்லை. இதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியும், நாளைக் காலையில் ஒழுங்கான நாடியோடு வருகிறேன் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார்! மலேரியா உள்ள நாடுகளில் எல்லாவற்றுக்கும் குயினைன் போடுவது வழக்கம். அப்படி ஒருமுறை போட்டபோது படபடப்பு நின்றதை அவரே கவனித்திருக்கிறார். ஒரு கிராம் போட்டால் அரை மணிக்குள் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. பிரெஞ்சு மருத்துவர் செனாக் 1749-லேயே அடங்காத படபடப்புக்குக் குயினைன் மரப்பட்டையைச் சிபாரிசு செய்திருந்தார். நடுவில் அது மறந்துபோயிருந்தது. (நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860-களில் ஆங்கிலேய அரசு சிங்கோனா தோட்டம் போட்டது மலேரியாவுக்காக. அதே மரப்பட்டைச் சரக்குதான்.)

வெங்க்கெபாக் மற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு மட்டும்தான், அதுவும் நோய் புதிதாக வந்தவர்களுக்குத்தான் பலித்தது. பிறகு 1918-ல் வால்டர் ஃப்ரை என்ற மருத்துவர், அதே பட்டையில் உள்ள குயினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டார். பல பத்தாண்டுகள் அதுதான் மருந்து.

1990-ல் பழைய சோதனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு வருஷம் கழித்து நாடி ஒழுங்காக இருந்தவர்கள் குயினிடின் எடுத்தவர்களில் சுமார் 50 சதவீதம், எடுக்காதவர்களில் 25 சதவீதம். அடடா, இரட்டிப்பு! ஆனால் இறந்தவர்கள் எடுத்தவர்களில் 2.9 சதவீதம், எடுக்காதவர்களில் 0.8 சதவீதம். நாடி ஒழுங்கானது, ஆள் பிழைக்கவில்லை. 'நாடி சரியானால் நோய் சரி' என்ற எண்ணத்துக்கு விழுந்த முதல் பெரிய அடி இது.

கெட்டுப்போன வைக்கோலும் கீரையும்

ஏஎஃப்-ல் பயப்பட வேண்டியது படபடப்புக்கு இல்லை. மேலறை சரியாகச் சுருங்காததால் அதன் ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு, ஏஎஃப் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று காட்டியது.

இதற்கான மருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்துதான் வந்தது. 1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் ரத்தம் உறையாமல் செத்துக்கொண்டிருந்தன. ஈரம் பட்டுக் கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் தீவனம்தான் காரணம். 1933-ல் விஸ்கான்ஸினில் ஒரு விவசாயி, கொட்டும் பனியில் செத்த கிடேரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், மூட்டைத் தீவனம் இவற்றோடு கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். லிங்க் குழு 1939-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து செய்த வார்ஃபரின் 1948-ல் எலி விஷமாக விற்பனைக்கு வந்தது. 1950-களில் மனிதருக்கு மருந்தாக மாறியது. ஏஎஃப் நோயாளிகளின் பக்கவாதத்தை அது சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்பது பின்னால் நிரூபணமானது.

கீரைச் சண்டை இங்கேதான் ஆரம்பம். வார்ஃபரின் வேலை செய்வது வைட்டமின் கே-வைத் தடுத்து. கீரையில் அந்த வைட்டமின் நிறைய. அதனால் வார்ஃபரின் எடுப்பவர் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் துளியும் இல்லை என்று இருந்தால் ரத்தப் பரிசோதனை ஏறி இறங்கும். இதைத்தான் 'கீரையே கூடாது' என்று சுருக்கிவிட்டார்கள். சரியான பாடம், எப்போதும் சாப்பிடும் அளவை மாற்றாமல் சாப்பிடுவது. அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புது மாத்திரைகள் வேறு வழியில் வேலை செய்வதால் அவற்றுக்கு இந்தக் கீரைக் கணக்கே கிடையாது.

2002-ல் வந்த அஃபர்ம் சோதனையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 4,060 பேர். ஒரு பிரிவுக்கு நாடியை ஒழுங்காக்கும் மருந்து, இன்னொரு பிரிவுக்கு வேகத்தை மட்டும் குறைக்கும் மருந்து. ஒழுங்காக்கியவர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை. இரு பிரிவிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ரத்தத்தில் அதன் அளவு போதாமல் இருந்தவர்கள். 'இப்ப நல்லாத்தானே இருக்கு, மாத்திரை எதுக்கு' என்ற முடிவின் விலை அது.

கேப்ஸ்யூலுக்கு வந்த சோதனை

சரி, சத்து மாத்திரைக்கு வருவோம். 2004-ல் ஒரு அமெரிக்க ஆய்வு, 65 வயதைக் கடந்த 4,815 பேரை 12 வருஷம் கவனித்தது. வாரத்துக்கு ஒன்று முதல் நான்கு தடவை வேகவைத்தோ சுட்டோ மீன் சாப்பிட்டவர்களுக்கு ஏஎஃப் 28 சதவீதம் குறைவு. பொரித்த மீனில் அந்தப் பலன் இல்லை. (வஞ்சிரம் வறுவல் பிரியர்கள் மன்னிக்கவும்.) உடனே, மீனில் உள்ள ஒமேகா-3-ஐ மட்டும் பிரித்து கேப்ஸ்யூலில் அடைத்தால் போதுமே என்று தோன்றியது. கிழவியின் 20 மூலிகையில் ஒன்றைப் பிரித்த அதே யோசனை. அங்கே பலித்தது.

இங்கே பலிக்கவில்லை. 2010-ல் 663 ஏஎஃப் நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று கேப்ஸ்யூலுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. 2021-ல் ஏழு சோதனைகளை, 80,000-க்கும் மேற்பட்டவர்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் ஏஎஃப் வரும் வாய்ப்பை 25 சதவீதம் கூட்டுகிறது என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல் என்றால் 49 சதவீதம்! மாரடைப்பு ஆபத்து அதிகமுள்ள சிலருக்கு டாக்டர்கள் வேறு காரணத்துக்காக அதை எழுதுவது உண்டு, அது தனி. நாடிக்காக நாமே வாங்கிப் போடுவதற்கு நியாயம் இல்லை.

மக்னீசியமும் பொட்டாசியமும் ரத்தத்தில் குறைந்தால் துடிப்பு கெடும் என்பது உண்மை. குறைவு இருக்கிறதா என்று பரிசோதித்து ஈடுகட்டுவது வைத்தியம். குறைவே இல்லாதவர், அதிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர், தானாக விழுங்குவது வம்பு.

விட்டால் கிடைப்பது

சேர்ப்பது தோற்ற இடத்தில் குறைப்பது ஜெயித்தது. 1978-ல் நியூ ஜெர்சியில் எட்டிங்கர் என்ற மருத்துவர், வார இறுதியிலும் பண்டிகை நாட்களிலும் நிறையக் குடித்துவிட்டுத் தாறுமாறு நாடியோடு வந்தவர்களைக் கவனித்து அதற்கு 'விடுமுறை இதயம்' என்று பெயர் வைத்தார். 42 வருஷம் கழித்து, 2020-ல், ஆஸ்திரேலியாவில் அதைச் சோதித்தார்கள். வாரத்துக்குப் பத்து கிளாசுக்கு மேல் குடிக்கும் 140 ஏஎஃப் நோயாளிகளில் பாதிப் பேரைக் குடியை விடச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் நோய் திரும்பி வந்தது விட்டவர்களில் 53 சதவீதம், விடாதவர்களில் 73 சதவீதம்.

எடையும் அப்படித்தான். 2015-ல் அடிலெய்டில் இருந்து வந்த ஆய்வில் அதிக எடையுள்ள 355 பேரை ஐந்து வருஷம் தொடர்ந்தார்கள். எடையில் பத்து சதவீதமாவது குறைத்தவர்களில் 45 சதவீதம் பேர் நாடி மருந்தோ சிகிச்சையோ இல்லாமலே ஏஎஃப் இல்லாமல் இருந்தார்கள். மூன்று சதவீதம்கூடக் குறைக்காதவர்களில் அது 13 சதவீதம்தான். குறைப்பதும் ஏற்றுவதுமாக இருந்தவர்களுக்குப் பலனில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல என்பதால், எடை குறைத்தவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்போ காபி? 2025-ல் 200 பேரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே காபி குடித்துப் பழகியவர்கள். தினம் ஒரு கப்பாவது குடித்தவர்களில் 47 சதவீதம், நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கு ஏஎஃப் திரும்பியது. ஆக, காலை டிகிரி காபியைப் பறிக்க இப்போதைக்கு ஆதாரம் இல்லை. அதற்காகப் புதிதாகப் பழகவும் வேண்டாம்.

எனக்குப் புரிந்தது

கிழவி, வியாபாரி, விவசாயி. மூன்று மருந்துக்கும் முதல் தடயம் கொடுத்தவர்கள் டாக்டர்கள் இல்லை. ஆகவே நோயாளி தன் உடம்பைக் கவனித்துச் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. எதைச் சாப்பிட்டால், எப்போது தூங்காவிட்டால் துடிப்பு கெடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுவது நல்ல பழக்கம். ஆனால் தடயம் மருந்தாவது எண்ணிப் பார்த்த பிறகுதான். எண்ணிப் பார்த்ததில் மீன் எண்ணெய் விழுந்தது, மதுவை விடுவதும் எடையைக் குறைப்பதும் நின்றன.

இன்னொன்று, இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். வாழ்க்கைமுறை மாற்றம் உதறலைக் குறைக்கும். ரத்தக் கட்டிக்கான மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கணக்கு. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் இவற்றை வைத்து அதைப் போடுகிறார்கள். நாடி ஒரு மாதமாக ஒழுங்காக இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி ஏஎஃப் வந்தவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களுக்கு எடைக் குறைப்பும் நடைப்பயிற்சியும் வால்வைத் திறந்துவிடாது. வார்ஃபரின் வகை மாத்திரையே அவர்களுக்கு இன்றும் நல்லது என்று 2022-ல் வந்த சோதனை காட்டியது.

வீட்டில் 65 தாண்டியவர்கள் இருந்தால் அவர்கள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தால் கேப்ஸ்யூல் தேடிப் போக வேண்டாம், முதலில் ஒரு ஈசிஜி எடுங்கள்.