கேஷும் காசும்: ஒரே ஒலி, இரண்டு வேர்கள்

‘கேஷ்’ எண்ட ஆங்கிலச் சொல்லே எங்கட ‘காசு’தான் எண்டு பெருமையாகப் பகிரப்படும் பதிவுகளை நாம் அடிக்கடி பார்க்கிறோம். நாங்களும் ஒரு காலத்தில் பகிர்ந்தவர்கள்தான். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, பிறகென்ன வேணும்? ஆனால் சொற்களின் வரலாறு அவ்வளவு லேசானதில்லை.

கடையில் “கேஷா, கார்டா?” என்று கேட்கிறார்களே, அந்த ‘கேஷ்’ லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் அது பணப்பெட்டியையும் அதற்குள் இருந்த பணத்தையும் குறித்தது. போகப்போகப் பெட்டி மறைந்து பணம் மட்டும் மிஞ்சியது. சூட்கேஸில் இருக்கும் ‘கேஸ்’ கூட அதே பெட்டிதான். நீதிமன்றத்தில் போடும் ‘கேஸ்’ வேறு. அது ‘விழுதல்’ என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிறந்தது.

அப்ப எங்கட காசு? அதுவும் ஆங்கிலத்துக்குப் போனது, ஆனால் தனிச் சொல்லாக. சோழர் கல்வெட்டுகளில் இடம்பெறும் காசைப் போர்த்துக்கேயர் ‘காய்ஷா’ ஆக்கினார்கள். அவர்களுடைய மொழியில் பெட்டிக்கும் அதே சொல்தான்! அவர்களிடமிருந்து எடுத்த ஆங்கிலேயர், ஆசியாவின் சில்லறை நாணயங்களைக் ‘கேஷ்’ என்றார்கள். கம்பனிக் கால மதராஸில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. ‘ஃபனம்’ வேறொன்றுமில்லை, நம் ‘பணம்’தான். இலங்கையிலும் ஆங்கிலேயரின் ஆரம்ப காலத்தில் 12 ஃபனம் ஒரு ரிக்ஸ் டொலர். நடுவில் சதுர ஓட்டையுள்ள சீன நாணயங்களுக்கும் கேஷ் என்றே பெயர் வைத்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம் என்ற கணக்கு 1949 வரை நீடித்தது.

‘காசு’ என்பதையே சமஸ்கிருதத்தின் ‘கர்ஷ’ என்ற எடை அளவோடு தொடர்புபடுத்தும் ஆய்வாளர்களும் உண்டு.

ஆக, பகிரப்படும் கதை பாதி உண்மை. அதை முழு உண்மையாக்கப் போனால் என்ன நடக்கும்? ஒருவர் அகராதியை விரித்து மறுப்பார். அதோடு மதராஸ் கணக்கேடுகளில் உண்மையாகவே இருந்த நம் காசையும் யாரும் நம்பமாட்டார்கள். பெருமைப்பட எங்களுக்கு அந்த உண்மைப் பாதியே போதும்.

அடுத்தமுறை வங்கிக்குப் போனால் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘கஷியர்’, தமிழில் ‘காசாளர்’. ஒன்று பெட்டியிலிருந்து வந்தது, மற்றது நாணயத்திலிருந்து.